கையில் உருகும் உலோகம்! | ஆவர்த்தன அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், எண்ணிப் பாருங்கள்

(மேசை மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி. உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு கட்டி.)

வணக்கம் நண்பர்களே! இந்தக் குப்பிக்குள் இருப்பது உலோகம். இரும்பு, அலுமினியம் மாதிரி அசல் உலோகம். இதை இப்போது உள்ளங்கையில் வைக்கப் போகிறேன். கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

(உள்ளங்கை மட்டும், மிக நெருக்கத்தில்.)

முதலில் ஒன்றும் ஆகாது. சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அடியில் ஈரம் கசிந்தது போல ஒரு பளபளப்பு வரும். அப்புறம் கட்டியின் கூரான ஓரங்கள் மழுங்கும், நடுப்பகுதி அமுங்கும். இதோ, மொத்தமும் உருகிக் கையில் ஒரு பெரிய துளியாக நிற்கிறது. என் முகமே அதில் தெரிகிறது! கையைச் சாய்த்தால் உருண்டு ஓடுகிறது. போன வழியில் தோல் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தடம்.

இதன் பெயர் காலியம். உருகுநிலை 29.8 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பம் 37, அதனால்தான் கையிலேயே உருகுகிறது. சென்னையில் மே மாதம் என்றால் கைகூடத் தேவையில்லை, அலமாரியில் இருக்கும்போதே உருகிவிடும். படம் பிடிப்பதற்காக ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்தேன். இது உறையும்போது தண்ணீர் மாதிரியே விரியும். கண்ணாடிக் குப்பியில் முழுக்க நிரப்பி வைத்தால் குப்பி உடையும். அதனால்தான் பிளாஸ்டிக்.

ஆனால் இன்றைய ஆச்சரியம் இது இல்லை. 1875-இல் லெகோக் டி புவாபோட்ரான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் துத்தநாகத் தாது ஒன்றிலிருந்து காலியத்தைக் கண்டுபிடித்தார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அடர்த்தியை அளந்து பார்த்தார். ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று வந்தது. உடனே ரஷ்யாவிலிருந்து ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார்: அந்த அளவு சரியாக இருக்க முடியாது, 5.9-க்கும் 6-க்கும் இடையில்தான் வர வேண்டும், உலோகத்தில் கலப்பு இருக்கும், நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும் என்று. உலோகம் இருப்பது பிரான்சில். சொல்கிறவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புவாபோட்ரான் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். 5.9!

அந்த ரஷ்யர் திமீத்ரி மெண்டலீவ். அவரிடம் இருந்தது ஓர் அட்டவணை, அவ்வளவுதான். உங்கள் வேதியியல் ஆய்வகச் சுவரில் தொங்குகிறதே, அதன் முதல் வடிவம். பார்க்காத ஒரு பொருளைப் பற்றி ஓர் அட்டவணையால் எப்படிச் சொல்ல முடிந்தது? இது புரிந்துவிட்டால் 118 தனிமங்களையும் உருப்போட வேண்டிய அவசியமே இல்லை.

(திரையில்: பழைய கடிதம் ஒன்றின் பின்பக்கம்.)

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1869-இல் தெரிந்த தனிமங்கள் 63. மெண்டலீவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியர். மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் தனிமத்துக்குப் பிறகு எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அவருடைய சிக்கல். அதற்கு விடை தேடிப் போட்ட ஆரம்பக் கணக்குகளில் ஒன்று, பாலாடைக்கட்டிப் பண்ணையைப் பார்வையிடுவது பற்றி அவருக்கு வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தாள் இன்றும் பத்திரமாக உள்ளது.

அவருக்கு முன்பே, 1865-இல், இங்கிலாந்தின் ஜான் நியூலாண்ட்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். தனிமங்களை அணு நிறைப்படி வரிசையாக எழுதினால், எட்டாவது தனிமம் முதலாவது மாதிரியே நடந்துகொள்கிறது. ச ரி க ம ப த நி முடிந்ததும் மேல் ச வருகிறதல்லவா, அது போல. எதனோடும் எளிதில் சேராத நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்கள் அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் ஏழுக்கு ஒரு முறை திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு லண்டன் வேதியியல் சங்கத்தில் இதைப் பேசியபோது, தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். நியூலாண்ட்ஸ் சொன்னதில் பாதி உண்மை!

மீதிப் பாதி எங்கே தவறியது? சங்கீதத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த அட்டவணையின் பெயரிலேயே தாளம் இருக்கிறது. ஆவர்த்தன அட்டவணை என்கிறோம். ஆவர்த்தனம் என்றால் தாளத்தின் ஒரு முழுச் சுற்று. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை போட்டால் மறுபடி சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கிய இடத்துக்கு, வந்துவிடுவோம். கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார்கள், சமம் வரும்போது எல்லோர் கையும் ஒன்றாக விழும்.

இப்போது நீங்களும் கையை எடுங்கள். அணு எண், அதாவது அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண், 3: லித்தியம். இது நம் சமம். அங்கிருந்து எட்டு எண்ணுங்கள். 11, சோடியம். இன்னும் எட்டு. 19, பொட்டாசியம். மூன்றுமே மென்மையான உலோகங்கள், மூன்றுமே தண்ணீரோடு சண்டை போடுபவை.

(ஆய்வகக் காட்சி. மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிய சோடியம்.)

சோடியத்தைக் கத்தியால் வெட்டலாம், வெண்ணெய்க் கட்டி மாதிரி. வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். லித்தியம் தண்ணீரில் மெதுவாக நுரைக்கும். சோடியம் உருகி ஒரு குண்டாகிப் பரப்பின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும். பொட்டாசியம் விழுந்த உடனே இளம் ஊதா நிறத் தீயோடு எரியும். குணம் ஒன்று, கீழே போகப் போக வேகம் கூடுகிறது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து.

சரி, பொட்டாசியத்திலிருந்து மறுபடி எட்டு எண்ணினால்? 27, கோபால்ட். அது அமைதியான உலோகம், இந்தக் குடும்பமே இல்லை. இங்கேதான் நியூலாண்ட்ஸ் இடறினார். தாளம் இங்கே மாறுகிறது! எட்டுக்குப் பதில் பதினெட்டு எண்ணுங்கள். 37, ரூபிடியம். தண்ணீரில் போட்டால் வெடிக்கும். இன்னொரு பதினெட்டு, 55, சீசியம். அதைவிட மோசம். அப்புறம் முப்பத்திரண்டு, 87, பிரான்சியம். முதல் சுற்று மட்டும் மிகச் சின்னது, ஹைட்ரஜனும் ஹீலியமும், இரண்டே எண்ணிக்கை. ஆக 2, 8, 8, 18, 18, 32, 32. எல்லாச் சுற்றும் ஒரே நீளம் என்று நியூலாண்ட்ஸ் நினைத்தார். நீளம் மாறலாம் என்று விட்டுக்கொடுத்தவர் மெண்டலீவ். இந்த ஏழு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள், வீடியோ முடிவில் தேவைப்படும்.

ஒவ்வொரு சுற்றையும் ஒரு படுக்கை வரிசையாக எழுதினால் அது தொடர். சமம் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுகிற நெடுக்கு வரிசை தொகுதி. ஏழு தொடர்கள், பதினெட்டுத் தொகுதிகள். அட்டவணைக்குக் கீழே தனியாக இரண்டு வரிசைகள் இருக்குமே, லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும், அவை ஆறாவது, ஏழாவது தொடர்களுக்குள் இருக்க வேண்டியவை. தாளின் அகலம் போதாமல் கீழே எடுத்து வைத்திருக்கிறோம்.

ஏன் குணம் திரும்பத் திரும்ப வருகிறது? எலக்ட்ரான்கள் உட்கருவைச் சுற்றிக் கூடு கூடாக அமைகின்றன. வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்பதுதான் பெரும்பாலும் குணத்தைத் தீர்மானிக்கும். உள்கூட்டிலிருந்து வெளியே எண்ணினால், லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. மூன்றுக்கும் வெளியே ஒன்றே ஒன்று, அதைக் கொடுத்துவிடத் துடிக்கின்றன. கீழே போகப் போக அந்த ஒன்று உட்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது, அதனால் வேகம் கூடுகிறது. குளோரின் 2, 8, 7. அதற்கு ஒன்று குறைகிறது. சோடியம் கொடுக்க, குளோரின் வாங்க, நம் வீட்டு உப்பு.

மெண்டலீவுக்கு எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாது! அது கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல். குணங்களைப் பார்த்தே அவர் வரிசை பிடித்தார். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டிய ஆள் கிடைக்கவில்லை. இருக்கிறவரை நகர்த்தி உட்கார வைக்காமல், கட்டத்தைக் காலியாக விட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தத் துணிச்சல்தான். அந்தக் கட்டத்துக்கு ஏகா-அலுமினியம் என்று பெயரும் வைத்தார். ஆமாம், ஏகம், ஒன்று என்கிற நம் ஊர்ச் சொல்லேதான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார். அலுமினியத்துக்கு ஒரு படி கீழே என்று பொருள். அக்கம்பக்கத்துத் தனிமங்களைப் பார்த்து 1871-இல் எழுதி வைத்தார்: அணு நிறை சுமார் 68, அடர்த்தி சுமார் 5.9, எளிதில் உருகும். காலியத்தின் அணு நிறை 69.7. உருகுவதைத்தான் என் கையிலேயே பார்த்தீர்களே!

சிலிக்கானுக்குக் கீழேயும் அதேபோல ஒரு காலிக் கட்டம். அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்றார். 1886-இல் ஜெர்மானியம் கிடைத்தது. 72.6, 5.3. இதற்குக் கமெண்ட்டில் ஒரு கைதட்டல் போட்டுவிட்டுப் போங்கள்.

அவர் தவறிய இடமும் உண்டு. நிறைப்படி பார்த்தால் அயோடின் முன்னால், டெலூரியம் பின்னால் வர வேண்டும். குணமோ நேர்மாறாகச் சொல்கிறது. மெண்டலீவ் குணத்தை நம்பி இடத்தை மாற்றினார், அது சரி. டெலூரியத்தின் நிறையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றும் நினைத்தார், அது தவறு. உண்மையான வரிசை நிறை அல்ல, உட்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை, அதாவது அணு எண். எக்ஸ் கதிர்களை வைத்து 1913-இல் இதற்கு வழி திறந்தவர் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர். முதல் உலகப் போருக்குப் போனார். 1915 ஆகஸ்டில் துருக்கியின் கலிப்போலியில் குண்டு பட்டு இறந்தார். வயது 27.

(திரையில்: முழு அட்டவணை. ஏழாவது தொடர் ஒளிர்கிறது.)

இப்போது நோட்டை எடுங்கள். கடைசியாக எண்ணிய சமம் 87, பிரான்சியம். அந்தத் தொடருக்கு 32 எண்ணிக்கை. எண்ணி முடித்தால் 118, ஒகனெஸான், 2016-இல் பெயர் சூட்டினார்கள். ஏழாவது தொடர் நிரம்பிவிட்டது. 119 இன்னும் உலகில் யாரிடமும் இல்லை. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் அதை உண்டாக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு மூன்று கேள்விகள். 119 எந்தத் தொடரில் வரும்? எந்தத் தொகுதியில்? வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்? புத்தகத்தைத் திறக்காமல், தாளம் போட்டுக் கண்டுபிடித்துக் கமெண்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நானே படிப்பேன்.