ரிவெட்டும் தையல்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

பழையாறு கடலில் போய்ச் சேரும் மணக்குடிக் காயல் பக்கம் அண்மையில் போனவர்கள், ஃபைபர் வள்ளங்களுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் படகு கிடப்பதைப் பார்த்திருக்கலாம். 14 அடி நீளம், முழுக்க அலுமினியம். என் தங்கை மகன் தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில், நம்ம ஊர்ப் பேச்சில் ஆக்கர் கடையில், எடைக்கு வாங்கி வந்தது. "மாமா, வெட்டி வித்தாலே போட்ட காசு வந்துரும். ஆனா வெட்ட மனசு வரல்ல. ஒருக்கா வந்து பாருங்க" என்றான். பஹ்ரைனில் ஒரு படகுப் பட்டறையில் 19 வருடம் படகு பழுதுபார்க்கும் வேலை செய்தவன் நான். மறுநாளே போனேன்.

முதலில் பார்த்தது ஓட்டையை அல்ல, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் வலது மேல் மூலையை. எங்கே, எப்போது கட்டியது என்று தெரிய வேண்டுமே. அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் கட்டி விற்கிற படகுகளுக்கு அங்கே ஓர் அடையாள எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். மொத்தம் 12 எழுத்தும் எண்ணும். முதல் மூன்று எழுத்து, படகைக் கட்டிய கம்பெனி. அடுத்த ஐந்து, அந்தப் படகின் வரிசை எண். கடைசி நான்கில் காலம் இருக்கும். எங்கள் படகில் அந்தத் தகடு உப்புப் பூத்துப்போய் ஒன்றுமே தெரியவில்லை. சுரண்டக் கூடாது. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மேலே மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தேன். சின்னப் பிள்ளைகள் நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்ப்பார்களே, அதே மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசி நான்கு எண் எழும்பி வந்தது: 0474. அதாவது 1974 ஏப்ரல். முதல் மூன்று எழுத்தில் நடு எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்ததால் கம்பெனி இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்ணே இல்லாத அமெரிக்கப் படகு கிடைத்தால், ஒன்று அது 1972-க்கு முந்தியது, இல்லையென்றால் யாரோ தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள்.

இந்த வகைப் படகுகள் பெருகியது இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில். அமெரிக்காவில் போர் விமானம் கட்டிய கிரம்மன் கம்பெனி, அதே அலுமினியத் தகட்டையும், தகடுகளைத் துளைபோட்டுச் சேர்த்து அடிக்கும் ஆணியான ரிவெட்டையும் வைத்துத் தோணி செய்யத் தொடங்கியது. அலுமாகிராஃப்ட் என்ற படகுக் கம்பெனி 1946-லும், லண்ட் என்ற கம்பெனி 1948-லும் வந்தன. விமானத்தின் உடம்பைப் போலவே தகட்டின் மேல் தகடு வைத்து, வரிசையாக ரிவெட் அடித்துச் சேர்த்த உடம்புதான் இவற்றுக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் பழைய தையல் வள்ளம்தான் ஞாபகம் வரும். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த வள்ளம். தையல் தளர்ந்தால் நம் மூத்தவர்கள் மேலே எதையாவது பூசி மூடிவிட்டுப் போகவில்லை. பிரித்து, புதுக் கயிறு போட்டு, மறுபடி தைத்தார்கள். ரிவெட்டும் தையல்தான். ஒழுகுகிற இடத்தில் எல்லாம் பசையை அப்பினால் ஒரு மழைக்காலம் தாங்கும். தளர்ந்த ரிவெட் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும், பசை விரிசல் விடும். என் மருமகனும் நான் போவதற்கு முன் அரை கிலோ எபாக்ஸிப் பசை பூசி வைத்திருந்தான். அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். தண்ணீரைப் படகுக்குள் விடுங்கள். நாங்கள் அடியில் வாழைத்தடை நான்கு இடத்தில் கொடுத்து, கணுக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, மறந்துவிடக் கூடாது. விளிம்பு வரை நிரப்பினால் அடித்தகடு வளைந்துவிடும். அப்புறம் கீழே படுத்துக்கொண்டு, சொட்டு விழும் ஒவ்வொரு ரிவெட்டையும் மார்க்கரால் வட்டம் போட்டோம். 31 வட்டம். தளர்ந்த ரிவெட்டைக் கண்ணாலும் பிடிக்கலாம், சுற்றிலும் கறுப்பாகக் கசிந்திருக்கும். விரல் நுனியை ரிவெட்டின் தலையும் தகடும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கம் ஒருவரை லேசாகத் தட்டச் சொன்னால், அது துடிப்பது விரலுக்கே தெரியும்.

இறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர், ரிவெட் தலைக்குப் பொருந்துகிற குழி உள்ள கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் ரிவெட்டின் மறுமுனையை, அதாவது வாலை, சுத்தியலால் அடிக்க வேண்டும். நாலைந்து அடி போதும். அதற்கு மேல் அடித்தால் அலுமினியம் இறுகி வெடித்துவிடும். 31-இல் 24 இப்படியே அடங்கிவிட்டன. மற்ற ஏழையும் துளைபோட்டு எடுத்து, ஓர் அளவு பெரிய கெட்டி அலுமினிய ரிவெட்டை, ஒழுக்கை அடைக்கும் சீலன்ட் தடவி அடித்தோம். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட் இதற்கு ஆகாது. அதன் நடுத்துளை வழியாகவே தண்ணீர் வரும்.

இனி, இந்தப் படகைக் கொல்லும் விஷயம். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுக்க வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். படகுக்கு அந்தப் புளி எது தெரியுமா? உப்புத் தண்ணீரோடு சேர்ந்த செம்பும் பித்தளையும். இரண்டு உலோகம் உப்பு நீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைந்து போவது அலுமினியம்தான். எங்கள் படகின் அடியில் ஒரு பித்தளை ஸ்குரு கிடந்த இடத்தில் ஊசி நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. வலையில் கட்டும் ஈயக்குண்டையும் அடித்தட்டில் போட்டு வைக்காதீர்கள். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயின்டில் செம்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், இருந்தால் வேண்டாம்.

இதே காரணத்தால் பின்பலகைக்கு உள்ளே வைக்கும் மரத்திலும் கவனம் வேண்டும். பழைய பிளைவுட் உளுத்துப்போயிருந்தது, எஞ்சின் இடத்தைப் பிடித்து ஆட்டினாலே பலகை அசைந்தது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கினோம். நல்ல பலகைதான். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கலாம். ஆகவே ஆறு பக்கமும், போல்ட் துளைக்குள்ளும்கூட, எபாக்ஸி மூன்று கை பூசிக் காயவைத்த பிறகுதான் மாட்டினோம். எபாக்ஸிக்கு உரிய இடம் இதுதான்.

இருக்கைக்கு அடியில் தெர்மாகோல் மாதிரி நுரைக்கட்டை இருக்கும். தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருந்தால் எடுத்துவிடலாம். ஆனால் அதே அளவுக்குப் புதிது வைக்காமல் படகை இறக்காதீர்கள். தண்ணீர் நிறைந்தாலும் படகு முங்கிப் போகாமல் பிடித்து நிறுத்துவது அதுதான், உயிர் விஷயம்.

பெயின்ட் கட்டாயம் இல்லை. அடிப்பதென்றால், பெயின்ட் பிடித்து நிற்க அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு முதலில். இரும்பு பிரஷால் தேய்க்க வேண்டாம்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். இது ஏரிக்கும் காயலுக்கும் கட்டிய படகு. குளச்சல், முட்டம் பக்கத்து அலையை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போக இதைக் கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு ரிவெட்டையும் பிடித்து இழுக்கும். மருமகனிடம் இதற்குச் சம்மதம் வாங்கிய பிறகுதான் சுத்தியலையே எடுத்தேன்.

இப்போது காலையில் காயலில் தூண்டில் போட அவன் அதில்தான் போகிறான். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்ணீர் வடிய அடிக்குமிழைத் திறந்து, அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, கொஞ்சம் உயர்த்தி வைக்கிறான். நடு இருக்கைக்குக் கீழே ஒரு ரிவெட் மட்டும் இன்னும் லேசாக வியர்க்கிறது. ஆடிக் காற்று அடங்கியதும் அதையும் தட்டிச் சேர்த்துவிடுவோம்.

வணக்கம்.