இந்தப் பக்கம் முடியும்வரை

நண்பர்களே, வணக்கம்.

ஜாஸ் கேட்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இப்ப என்ன ஆல்பம் ஓடுது?" பதில் சொன்ன கையோடு அடுத்தது: "டிரம்ஸ் யாரு?" நம் சபாக்களில் "இன்னிக்கு மிருதங்கம் யாரு?" என்று விசாரித்துவிட்டுத்தானே போய் உட்காருவோம்? அதே கேள்விதான். இந்த இரண்டு கேள்விகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஜாஸில் பெரும்பகுதி அந்த நேரத்தில் பிறப்பது. எழுதி வைத்த மெட்டு சில வரிகள்தான். மீதியை அங்கேயே, ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டபடி உண்டாக்க வேண்டும். அதே ஆட்கள் அதே பாட்டை மறுநாள் வாசித்தால் அது வேறு ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு ஜாஸ் ஆல்பம் என்பது ஒரு நாள். "இதைக் கேட்டுப் பாருங்க" என்று ஒரு ரசிகர் சொன்னால், அந்த நாளுக்குள் வந்து தன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதை ஜப்பானியர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. அங்கே ஜாஸ் கிஸ்ஸா என்று ஒருவகைக் காபிக் கடைகள் உண்டு. யோகோஹாமாவில் சிகுசா என்ற கடையை 1933இல் யோஷிதா மமோரு என்பவர் தொடங்கினார். போர்க்காலத்தில் அமெரிக்க ஜாஸ் எதிரியின் இசையாகிப் போனது. 1945 மே மாதம் யோகோஹாமா மீது விழுந்த குண்டுகளில் கடையும் அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளும் எரிந்தன. மனுஷர் விடவில்லை. போர் முடிந்ததும் மறுபடி தட்டு சேர்த்தார், மறுபடி கடை திறந்தார். இளம் பியானோக் கலைஞராக இருந்த அகியோஷி தோஷிகோ அங்கே போய்க் கேட்டுக் கேட்டுத்தான் பாடம் படித்தார். 1956இல் அமெரிக்காவுக்குப் போன அவர் அங்கேயே பெரிய இசைக்குழுவை நடத்துமளவுக்கு உயர்ந்தார்.

அந்தக் காலத்தில் இறக்குமதித் தட்டு வாங்கச் சாதாரணச் சம்பளக்காரருக்கு வழியில்லை. ஒரு காபி வாங்கினால் மணிக்கணக்கில் கேட்கலாம். பல கடைகளில் பேசக்கூடாது என்பது சட்டமாக இருந்தது. ஆனால் ஒரு வழக்கம் பாருங்கள்: ஓடுகிற தட்டின் உறையை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைப்பார்கள். கதவைத் திறந்து வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்களுக்கு வேண்டிய தட்டைச் சொல்லி வைக்கலாம். முறை வரும்போது ஒரு பக்கம் போடுவார்கள். நீங்கள் கேட்ட தட்டு ஓடும்போது, முன்பின் தெரியாத பத்துப் பேர் அதற்குத் தலையசைக்கிறார்கள். வாய் திறக்காமலே நடக்கும் இந்தப் பரிமாற்றம்தான் எனக்குப் பிடித்தது.

ஒரு பக்கம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் பத்து அங்குலத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற, நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. சரி, அதற்கப்புறம்தான் வாசிப்பவர் மூச்சு விட்டு, நிதானமாகக் கற்பனை செய்ய இடம் கிடைத்தது.

அப்படி ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 1959 மார்ச் 2. நியூயார்க் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம். அப்போது கொலம்பியாவின் ஒலிப்பதிவுக்கூடம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் ஆட்களுடன் உள்ளே போகிறார். 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் அன்றைக்கு வாசித்தது. பியானோ பில் எவன்ஸ், ஆனால் இரண்டாவது பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லி. இது தெரிந்து கேட்டால் கை மாறுவது காதுக்கே தெரியும்.

முதல் பாட்டு 'ஸோ வாட்'. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் அதில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். கமகம் கிடையாது, ராகம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்வர வரிசை அதுதான். பதினாறு பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் போன்ற ஒரு தாள அளவு) அதில் நிற்கிறார்கள். அடுத்த எட்டு பாருக்கு மொத்தத்தையும் அரை ஸ்வரம் மேலே தூக்குகிறார்கள். பிறகு எட்டு பாருக்குப் பழைய இடத்துக்கே இறங்குகிறார்கள். மெட்டு முடிந்து மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அந்த ஓசை மெல்ல மெல்லக் கரைய, அதற்குள் டிரம்பெட் நடந்து வருகிறது. "டிரம்ஸ் யாரு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அந்தக் குழுவில் கடைசியாக உயிரோடு இருந்தவரும் அவரே, 2020இல் காலமானார்.

அன்றைக்குப் பதிவு செய்த இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டில் அந்தப் பக்கம் முழுவதும் சுருதி சற்று ஏறிப்போயிற்று. 1992இல் வந்த மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல், தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். இதை ஒரு நண்பர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அன்று இரவே இரண்டு பதிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆல்பத்தைப் பகிர்வதில் இதுவும் அடங்கும்: பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, எந்தப் பதிப்பு, எந்த இடம், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

இப்போது என்னுடைய முறை. இந்த வாரம் என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். ஆலிஸ் கோல்ட்ரேன், 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. அவருடைய கணவர், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் நாற்பது வயதில் இறந்தார். நான்கு சின்னக் குழந்தைகள். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் உடம்பு உருகிப்போன அந்தக் காலத்தில் ஆலிஸுக்குக் குருவாகக் கிடைத்தவர் சுவாமி சச்சிதானந்தா. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசிய அதே சுவாமி. பிறந்தது கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில். நம் ஊர்க்காரர் பெயர் ஜாஸின் மிக முக்கியமான தட்டுகளில் ஒன்றின்மேல் அச்சாகியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? எனக்கு இந்த ஆதங்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

நியூயார்க் அருகே டிக்ஸ் ஹில்ஸில், ஆலிஸ் தன் வீட்டிலேயே இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், 1970 நவம்பரில் முதல் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார். யாழ் போன்ற ஹார்ப்பும் பியானோவும் ஆலிஸ். சோப்ரானோ சாக்ஸபோன் ஃபாரோ சாண்டர்ஸ். ஜான் கோல்ட்ரேனின் கடைசிக் காலக் குழுவில் கூடவே நின்றவர். டிரம்ஸ் யார் என்று கேட்பீர்கள்: ரஷீத் அலி, அவரும் அந்தக் குழுதான். அடித்தொனித் தந்தி வாத்தியமான பாஸ் வாசித்தவர் செசில் மெக்பீ. தம்புரா வாசித்தவர் பெயர் துளசி என்று உறையில் போட்டிருக்கிறது.

நம் கச்சேரியில் தம்புரா பின்னால் இருக்கும். இங்கே அது காது அருகிலேயே இருக்கிறது. பாஸ் ஒரு சின்னச் சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே வாசிக்கிறது. அதன்மேல் ஹார்ப் தண்ணீர் கொட்டுவதுபோல் விழுகிறது. சாக்ஸபோன் வர நேரமாகும், அவசரப்படாதீர்கள்.

உறையை இந்த மேசையில் நிறுத்தி வைக்கிறேன், எல்லோருக்கும் தெரிகிறதா? பின்வரிசையில்? நல்லது. ஊசியை வைக்கிறேன். பக்கம் முடிகிறவரை யாரும் பேச வேண்டாம். அப்புறம் நீங்கள் ஒவ்வொருவரும் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.