பொம்பளப் பிள்ளைக்கும் அதே அளவு பால் ஊத்துங்க

எல்லாருக்கும் வணக்கம். குழு மீட்டிங் முடிஞ்சும் எனக்காக உக்காந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். முட்டி வலிச்சா எலும்பு போச்சுன்னு சொல்றோம்ல, அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அது வேற. எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சு போறது வலிக்கவே வலிக்காதும்மா, பாத்ரூம்ல வழுக்கி கையை ஊனும்போது மணிக்கட்டு படக்குன்னு ஒடியும் பாருங்க, அப்பத்தான் நிறைய பேருக்குத் தெரியவே வருது.

பொம்பளைங்களுக்கு ஏன் இது அதிகம்னா, மாசவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடும், எலும்பைக் காப்பாத்துற ஹார்மோனே அதுதான், அது போனதும் அடுத்த சில வருஷத்துக்கு எலும்பு வேகமா கரையும். அந்த நேரத்துல நாம தாங்கறது எதை வச்சுன்னா சின்ன வயசுல சேத்து வச்சதை வச்சுத்தான். பொண்ணுங்களுக்கு 18 வயசுக்குள்ளயே எலும்பு பலத்துல சுமார் 90 சதவீதம் சேந்து முடிஞ்சிடுது. நம்ம வீட்டுல அந்த வயசுல என்ன நடக்குது? பையனுக்கு ஒரு டம்ளர் பால், பொண்ணுக்கு டீ. அம்மாவுக்கு எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியோட அடியில இருக்கிற ரசமும் தண்ணி மோரும். இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

ஒரு நாளைக்கு நமக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும், விடாய் நின்னவங்களுக்கு 1200. நூறு கிராம் அரிசில பத்து கூட தேறாது, அதே நூறு கிராம் கேழ்வரகுல 350 கிட்ட இருக்கு. முளைகட்டி அரைச்சா உடம்புல இன்னும் நல்லா ஒட்டும். காலைல கேழ்வரகுக் கூழ்ல கெட்டித் தயிரை விட்டு நல்லா கரைச்சு, கூட முருங்கைக்கீரைப் பொரியல் வச்சுக்கிட்டா பாதி தூரம் வந்தாச்சு. சாயங்காலம் எள்ளுருண்டை. மீன் சாப்பிடறவங்க நெத்திலிய முள்ளோட மென்னு சாப்பிடுங்க, கால்சியமே அந்த முள்ளுலதான். பாலக்கீரை நல்லதுதான், ஆனா கால்சியத்துக்காக அதை நம்பாதீங்க, அதுல இருக்கற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். உப்பு, ஊறுகா, அப்பளம் ஜாஸ்தியானா கால்சியம் ஒண்ணுக்கு வழியா வெளிய போயிடும்.

வெறும் கால்சியம் மட்டும் பத்தாது, வைட்டமின் டி இல்லைன்னா அது உடம்புல சேராது. காலை ஆறு மணி வெயில் இதுக்குப் பெருசா உதவாது, பதினொரு மணிக்கு மேல துணி காயப்போடப் போறீங்கல்ல, அப்ப கையும் முகமும் கொஞ்ச நேரம் வெயில்ல படட்டும். பருப்பு, முட்டையும் சேத்துக்கங்க, எலும்புக்குப் புரதமும் வேணும்.

கர்ப்பமா இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணா முழுங்காதீங்க, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. ஏற்கனவே லேசா விழுந்ததுக்கே எலும்பு ஒடிஞ்சவங்க, சின்ன வயசுலயே கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்தவங்க, டாக்டர்கிட்ட டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாக்கற ஸ்கேன், பத்திக் கேளுங்க, தள்ளிப் போடாதீங்க. இப்ப உங்க சந்தேகத்தைக் கேளுங்க, பின்னாடி இருக்கற அக்கா முதல்ல.