பதினேழு சொல் நோட்டீஸ்

[திரையில்: அடுக்குமாடி வீட்டு லிஃப்ட். பக்கத்தில் ஒட்டிய தாள்.]

வணக்கம். இந்த நோட்டீஸைப் படியுங்கள்.

"நமது குடியிருப்பில் நீர்த்தேக்கத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி மேற்கொள்ளப்பட உள்ளதால், நாளைய தினம் குடிநீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்படக்கூடும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

பதினேழு சொற்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சரி, பேனாவை எடுப்போம்.

[சொற்கள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன.]

'நமது குடியிருப்பில்' வேண்டாம். பக்கத்துத் தெருத் தொட்டிக்கு இங்கே யாரும் நோட்டீஸ் ஒட்டப்போவதில்லை. 'நாளைய தினம்' என்றால் நாளைதான். 'சுத்தம் செய்யும் பணி மேற்கொள்ளப்பட உள்ளதால்' என்பதைக் 'கழுவுவதால்' என்று எழுதலாம். 'என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' எதற்கு? ஒட்டியதே தெரிவிக்கத்தானே.

மிஞ்சுவது: "தொட்டியைக் கழுவுவதால் நாளை தண்ணீர் வராது."

ஐந்தே சொற்கள். படித்ததும் மூன்றாவது மாடி அக்கா கேட்பார்: "எத்தனை மணிக்குப்பா நிற்கும்?"

அந்த நேரம் பழைய நோட்டீஸிலும் இல்லை. 'தடங்கல் ஏற்படக்கூடும்' என்ற சொற்களுக்குப் பின்னால் அந்த ஓட்டை ஒளிந்திருந்தது. எழுதியவர் நேரத்தை விசாரிக்கவே இல்லை. வெட்டிய பிறகுதான் அது தெரிகிறது. செயலரிடம் கேட்டு, மறுபடி எழுதுவோம்:

"நாளை காலை 10 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. தொட்டியைக் கழுவுகிறோம். இன்று இரவே பிடித்து வையுங்கள்."

இதுவும் பதினைந்து சொற்கள், பழையதைவிட இரண்டுதான் குறைவு. ஆனால் இதைப் படித்தவர் குடத்தைத் தேடிப் போவார்.

[திரையில்: டீக்கடை பெஞ்ச், மடித்த நாளிதழ்.]

1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்று நினைத்தார். பண்டித நடையில் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்கள்.

உங்கள் எழுத்தையும் அப்படி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். எழுதிய சூட்டில் படிக்காதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். பல கட்டுரைகள் அங்கேதான் தொடங்குகின்றன; அதற்கு முன்னால் இருப்பது தொண்டையைச் செருமுவது.

'என்பது குறிப்பிடத்தக்கது' கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், அடியுங்கள். குறிப்பிட்டாகிவிட்டதே!

கஷ்டமெல்லாம் பிடித்த வரியை வெட்டுவதில்தான். இந்த ஸ்கிரிப்ட்டின் முதல் வரைவு ஒரு சிற்பியோடும் உளியோடும் தொடங்கியது. இரண்டு நாள் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படித்தபோது, எங்கோ நூறு முறை கேட்ட குரலாக இருந்தது. போயிற்று.

இரங்கல் கடிதத்தில் மட்டும் இவ்வளவு கறார் வேண்டாம். அங்கே இரண்டு சொல் கூடுதலாக இருந்தால் யாரும் எண்ணமாட்டார்கள்.

[திரையில்: கணினியில் தேடல் பெட்டி.]

கடைசியாக நீங்கள் எழுதிய கோப்பைத் திறந்து, 'மேற்கொள்ளப்' என்று தேடுங்கள். என்னுடையதில் பதினொன்று வந்தது.