டீச்சர் ஏன் ஆப்பை ஓப்பன் பண்றாங்க?

காலைல பிரேயர் முடிஞ்சு டீச்சர் கிளாஸுக்குள்ள வர்றாங்க, பிள்ளைங்கல்லாம் எந்திரிச்சு "வணக்கம் டீச்சர்"னு இழுக்குதுங்க, டீச்சர் கண்ணு மட்டும் போன்லயே இருக்கு. அட்டெண்டன்ஸ் ஆப் சுத்திக்கிட்டே இருக்கு, டவர் இல்ல. கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் போடாத ஸ்கூல் லிஸ்ட் வந்துரும், அதுல நம்ம ஸ்கூல் பேரு வந்துட்டா ஹெச்எம்முக்கு போன் வரும், ஹெச்எம் நேரா நம்மகிட்ட வருவாரு.

ஒருத்தர் ஏன் புது டெக்னாலஜிக்கு மாறுறாருன்னு 1989-ல ஃப்ரெட் டேவிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் பதில் சொன்னாரு. வேலைக்கு உதவுமா, யூஸ் பண்ண ஈஸியா, அவ்ளோதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மேல சொன்ன டீச்சர் இந்த ரெண்டையும் யோசிச்ச மாதிரியா தெரியுது?

2000-ல டேவிஸும் இன்னொரு ஆராய்ச்சியாளர் விஸ்வநாத் வெங்கடேஷும், புது கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்த நாலு நிறுவனத்துல 156 பேரை வச்சுப் பாத்தாங்க. இஷ்டம்னா யூஸ் பண்ணுங்கன்னு விட்ட இடத்துல, மத்தவங்க என்ன எதிர்பாக்குறாங்கங்கிறது நேரடியா எடுபடல. கட்டாயம்னு சொன்ன இடத்துல எடுபட்டுச்சு, அதுவும் ஆரம்பத்துலதான், சில மாசம் பழகினதும் அந்த அழுத்தம் குறைஞ்சுபோச்சு.

இப்ப தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கு வாங்க. பிள்ளைங்க, டீச்சருங்க விவரத்தையெல்லாம் ஏத்துற எமிஸ்ங்கிற ஆன்லைன் சிஸ்டம் ஏற்கனவே இருக்கு, 2018-ல பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு, 2019-ல கல்வி டிவி, 2022-ல சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்து, கணக்கு சொல்லிக்குடுக்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து அதுக்கு ஆப்லயே மதிப்பீடு, நடுவுல கொரோனா வேற வந்து கிளாஸே போனுக்குள்ள போயிருச்சு. ஒண்ணு கை பழகுறதுக்குள்ள அடுத்தது வந்துருது, அதனால அந்த ஆரம்பகட்ட அழுத்தம் முடியவே மாட்டேங்குது. டீச்சருக்கு டெக்னாலஜி பிடிக்காதுன்னு சிலர் ஈஸியா சொல்லிருவாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துக்க முடியல.

பிரைவேட் ஸ்கூல்ல கதை வேற. அங்க ஸ்மார்ட் போர்டு அட்மிஷன் நோட்டீஸ்லயே இருக்கும், காசு கட்டுன பேரண்ட்ஸ் கேப்பாங்க, போர்டு எரியுதான்னு கரஸ்பாண்டென்ட் எட்டிப் பாப்பாரு, உள்ள என்ன ஓடுதுன்னு பாப்பாராங்கிறது சந்தேகம்தான்.

ஆனா நிஜமா கத்துக்கிறது ஸ்டாஃப் ரூம்லதான் நடக்குது. ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கிற டீச்சர், புதுசா வந்த சின்ன டீச்சர்கிட்ட போனை நீட்டி "எம்மா, இதுல ஓடிபி எங்கம்மா வரும்"னு கேப்பாங்க. சின்ன டீச்சர் ஒருவாட்டி சொல்லிக்குடுப்பாங்க, ரெண்டாவது வாட்டி "குடுங்க டீச்சர், நானே போட்டுர்றேன்"னு வாங்கிருவாங்க, அன்னிலேருந்து ரெண்டு கிளாஸ் அட்டெண்டன்ஸும் அவங்க தலைலதான்.