பாதி மாற்றிய ஹெட்போனோடு ஒரு பேச்சு: ஓபன்-பேக் வாங்குவதும் திருத்துவதும்

வணக்கம். இப்போது என் தலையில் இருக்கிற ஹெட்போனில் இடது பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். டிரைவருக்கும், அதாவது உள்ளே ஒலியை எழுப்புகிற சின்ன ஸ்பீக்கருக்கும், காதுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் வட்டம் ஒன்று, அவ்வளவுதான். வலது பக்கம் பெட்டியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஏன் இப்படிப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன் என்பதை அப்புறம் சொல்கிறேன், இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஓபன்-பேக், அதாவது பின்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போன் பற்றி. டிரைவர் முன்னால் எவ்வளவு ஒலி தள்ளுகிறதோ அவ்வளவு பின்னாலும் தள்ளும். மூடிய ஹெட்போனில் அந்தப் பின்பக்க ஒலி கப்புக்குள்ளேயே முட்டி மோதித் திரும்பி வரும். ஓபன்-பேக்கில் இந்தக் கிரில் வழியாக வெளியே போய்விடும். பாட்டு தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் தள்ளி நின்று ஒலிப்பதுபோல இருப்பதற்கு அதுதான் காரணம். புதிய கண்டுபிடிப்பு இல்லை, சென்ஹைசர் 1968-லேயே எச்டி 414 என்று இப்படி ஒன்றை விற்றது, காதில் மஞ்சள் ஃபோம் வைத்தது, படம் பார்த்தால் பலருக்கும் ஞாபகம் வரும்.

ஆனால் வெளியே போகிற ஒலி பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளிச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். பேருந்தில் கேட்க, பகிர்ந்துகொள்ளும் அறையில் கேட்க, மைக் முன்னால் பாடிப் பதிவு செய்ய இது வேண்டாம். இன்னொன்று, மின்விசிறிச் சத்தத்தை அமுக்குவதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு. அமைதியான நேரம் பார்த்துக் கேளுங்கள், இந்த வகை ஹெட்போன் அப்போதுதான் தன்னைக் காட்டும்.

சரி, எதை வாங்குவது? எல்லாரும் கேட்பது "எது பெஸ்ட்" என்று. குறைந்த விலையில் குறையே இல்லாத ஹெட்போன் கிடையாது, அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: இதில் இருக்கிற குறை என் கையால் சரிசெய்யக்கூடிய குறையா? ட்ரெபிள், அதாவது கீச்சான மேல் ஒலிகள், கூர்மையாகக் குத்துகிறதா, சரிசெய்யலாம். இயர்பேட் சொரசொரப்பாக இருக்கிறதா, காது உள்ளே முட்டுகிறதா, பேடை மாற்றினால் போதும். வயர் மூன்று மீட்டர் நீளத்தில் காலில் சுற்றுகிறதா, கழற்றி மாட்டும் வயராக இருந்தால் அதுவும் ஒன்றுமில்லை. ஆனால் இடது வலது டிரைவர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் அது போகாது. பேஸ், அதாவது கனமான கீழ் ஒலிகள், வரும்போது கரகரத்தால் போகாது. ஹெட்பேண்ட் உங்கள் தலைக்குச் சிறியது என்றால் எந்தப் பஞ்சும் உதவாது. நம்மால் தொட முடியாத இந்த மூன்றையும் வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள்.

பார்ப்பது எளிது. ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏறுகிற சைன் ஸ்வீப் ஒன்றை, அதாவது கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போகிற ஒற்றை ஒலியை, போடுங்கள். கீழ்ப்பகுதியில் ர்ர்ர் என்று அதிர்ந்தால் உடனே குறையுள்ள ஹெட்போன் என்று முடிவுகட்ட வேண்டாம், முதலில் டிரைவர் மேல் ஒரு தலைமுடி கிடக்கிறதா என்று பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன், ஒரே ஒரு முடி டிரைவரில் அதிர்கிற மெல்லிய சவ்வான டயாஃப்ரம் மேல் பட்டாலே அந்தச் சத்தம் வரும். அப்புறம் பாடகரின் குரல் மட்டும் உள்ள பகுதியை மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, வைத்துக் கேளுங்கள். குரல் நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் சேர்ந்து பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ பாட்டு வரும் கருவியிலோ, மாறாவிட்டால் காதில்.

ஓம் கணக்கை, அதாவது ஹெட்போனின் மின்தடையை, பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஓம் மட்டும் எதையும் சொல்லாது, அதோடு சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதையும், பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று போடும், சில நிறுவனங்கள் 1 வோல்ட்டுக்கு என்று போடும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பாகப் போகும். 32 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் சுமார் 31 மில்லிவாட், அதாவது மில்லிவாட் கணக்கோடு 15 டெசிபெல் கூட்ட வேண்டும். 300 ஓமுக்கு அதே 1 வோல்ட் 3.3 மில்லிவாட்தான், 5 டெசிபெல் கூட்டினால் போதும். சென்ஹைசர் எச்டி 650 300 ஓம், ஆனால் 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல் என்று நிறுவனமே போட்டிருக்கிறது. ஆகவே 300 ஓம் என்று பார்த்ததும் ஒலியைப் பெருக்குகிற பெரிய ஆம்ப் வாங்க ஓட வேண்டியதில்லை. முதன்முதலாக வாங்குகிறவர்கள் ஃபிலிப்ஸ் எஸ்எச்பி 9500 மாதிரி 32 ஓம் ஒன்றை எடுத்தால் ஃபோனிலோ, ஃபோனில் செருகுகிற சின்ன ஹெட்போன் டாங்கிளிலோ நேராக ஓட்டலாம். அது தலை முழுக்கப் பெரிதாகத் தெரிகிறது என்றால் காஸ் போர்ட்டா ப்ரோ, 60 ஓம், 1984-லிருந்து வருகிறது, ஃபோம் பேடைக் கையால் உருவி மாற்றலாம். திருத்திப் பழகுவதற்கு அதைவிடப் பயமில்லாத ஹெட்போன் எனக்குத் தெரியாது.

இப்போது பேட். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஹெட்போனில் நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுதான் பெரியது, பலர் இதை வெறும் மெத்தை என்று நினைக்கிறார்கள். பேட் இரண்டு வேலை செய்கிறது: காதுக்கும் டிரைவருக்கும் எவ்வளவு தூரம் என்பதையும், நடுவில் இருக்கிற காற்று எவ்வளவு கசியும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. வெலூர் துணி காற்றைக் கசியவிடும், அதனால் பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் வேர்க்காது. செயற்கைத் தோல் நன்றாக அடைக்கும், பேஸ் ஏறும், மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற அடி வயிற்றில் படும், ஆனால் அதே பேடில் குரலின் கீழ்ப்பகுதி தடித்துப் போவதும் உண்டு. உள்ளே துணி, வெளியே தோல் என்று கலந்து வருகிற பேட் நடுவாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். தடிமனான பேட் வைத்தால் காது தள்ளிப் போகும், ட்ரெபிளின் மேடு பள்ளங்களும் இடம் மாறும், அது எந்தப் பக்கம் மாறும் என்பது ஹெட்போனுக்கு ஹெட்போன் வேறு. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் கம்பி பக்கத்தில் இடைவெளி விழும், பேஸ் அங்கே கசிந்துவிடும், அவர்களுக்கு மிருதுவான பேட் கட்டாயம். பழைய ஹெட்போன் வாங்கினால் அமுங்கிப்போன பேடோடு கேட்டுவிட்டு "இது நன்றாக இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் கேட்டது வடிவமைத்தவர் கேட்ட ஒலியே இல்லை.

அடுத்தது ட்ரெபிள். இந்த ஹெட்போனின் பெயரைச் சொல்லப் போவதில்லை, முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இதில் "ஸ" வருகிற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறது. நிறைய மலிவு டிரைவர்களில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். டிரைவருக்கு முன்னால் மெல்லிய ஃபோமோ ஃபெல்ட்டோ வைத்தால் அந்த மேடு தணியும். தடிமனாக வைக்காதீர்கள், குரலின் உயிரும் சேர்ந்து போய்விடும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போதும். பேடுக்கு அடியில் செருகினாலே நிற்கும், பசை எதற்கும் வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் உருவிவிடலாம்.

இதோ, டிரைவரின் பின்பக்கம் காட்டுகிறேன். துளைகள் மேல் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கிறது பாருங்கள். இது தூசி மூடி இல்லை, இதன் வழியாகக் காற்று எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதில்தான் பேஸின் கட்டுப்பாடே இருக்கிறது. இதைப் பிய்த்தால் பேஸ் தொளதொளவென்று ஆகும், திரும்ப ஒட்ட முடியாது. தொடாதீர்கள். திருகைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் முனையைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும், கை தளர்ந்திருந்தால் நேராக டயாஃப்ரமில் போய்க் குத்தும். டிரைவரை முதலில் ஒரு அட்டையால் மூடிக்கொண்டு திருகைத் தொடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு கப்பை அவசரமாகத் திறந்தபோது, டயாஃப்ரமை அசைக்கிற வாய்ஸ் காயில் என்ற சுருளின் தலைமுடி கனக் கம்பி அறுந்து போனது. அதை யாராலும் சால்டர் செய்ய முடியவில்லை. அந்த டிரைவர் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான், அதனால்தான் திறக்காமல் முடியும் வேலையை எப்போதும் முதலில் செய்யச் சொல்கிறேன்.

வயரை மாற்றினால் ஒலி மாறும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைப் பேடுக்குக் கொடுங்கள்.

ஈக்யூ, அதாவது பேஸ், ட்ரெபிள் போன்றவற்றை மென்பொருளில் ஏற்றி இறக்குவது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈக்யூ போடுவது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம், ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பில் நிறைய ஹெட்போன்களுக்குத் தயாராகவே அளவுகள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தொழிற்சாலைப் பேடோடு அளந்தவை, பேடை மாற்றியபின் அப்படியே போட்டால் பொருந்தாது. பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் டிரைவருக்கு நான்கு மடங்கு சக்தி போகிறது. மொத்த ஒலியை அதே 6 டெசிபெல் இறக்காவிட்டால் உரத்த இடங்களில் ஒலி வெட்டுப்படும். வாய்ஸ் காயில் உள்ள வழக்கமான ஓபன்-பேக் ஹெட்போன்களில் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துகொண்டே போகும், அதைக் கட்டாயப்படுத்தி 10 டெசிபெல் தூக்கினால் பேஸ் வராது, கரகரப்புத்தான் வரும்.

சரி, இந்தப் பாதி ஹெட்போனுக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் மாற்றிவிட்டுக் கேட்டால், போன வாரம் எப்படி இருந்தது என்று மனதால் ஒப்பிட வேண்டும். மனது அதைச் சரியாக வைத்திருக்காது, உழைத்த உழைப்புக்காகவே நன்றாக இருப்பதாகச் சொல்லும். அதனால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுகிறேன். ஃபோனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் மோனோ ஆடியோ இருக்கும், அதைப் போட்டுவிட்டு ஒலிச் சமநிலையை ஒருமுறை முழுக்க இடது, ஒருமுறை முழுக்க வலது என்று தள்ளினால் பழையதும் புதியதும் அடுத்தடுத்து காதில் விழும். இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்காது, ஆகவே ஹெட்போனைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. இரண்டு முறையும் ஒரே முடிவு வந்தால்தான் நம்புவேன்.

கேமரா போடுவதற்கு முன் அரை மணி நேரம் கேட்டேன். "ஸ" அடங்கிவிட்டது, திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். ஆனால் வயலின் வில் கம்பியில் உரசுகிற அந்தச் சன்னமான ஓசையும் கூடவே மங்கிவிட்டது, அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே இந்த வட்டத்தின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை வெட்டப் போகிறேன், ட்ரெபிளில் கொஞ்சம் திரும்ப வரும். கத்தரிக்கோல் எங்கே… இதோ. வெட்டிவிட்டு மறுபடியும் இடது, வலது, திருப்பி இடது, வலது. அது சரியாக வந்தால்தான் வலது பக்கத்துக்கும் ஒன்று வெட்டுவேன்.