அணையில் எவ்வளவு தண்ணீர், அதை எழுதி வைப்பது யார்?

வணக்கம் நேயர்களே. கணினி படித்த நம் பிள்ளைகள் அரசு வேலைக்கு வரலாமா என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல வருஷம் அரசு அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கட்டாயம் வாருங்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். எனக்கு வேறு காரணம் இருக்கிறது, ஊருக்குத் தேவையான கணக்கை ஒழுங்காக வைத்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்ய ஆள் வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு காலையில் முதல் கேள்வி அணையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பதுதான். பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்று முழு மட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கார் பருவத்தில் நெல் போடலாமா, பிசானப் பருவம் கரைசேருமா என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு பண்ணுகிறோம். மாஞ்சோலை மலையில் இருக்கிற நாலுமுக்கில் இத்தனை மில்லிமீட்டர், ஊத்து எஸ்டேட்டில் இத்தனை என்று மழைக்கணக்கும் கூடவே வரும். இதையெல்லாம் யாரோ ஒரு ஊழியர், மழையோ வெயிலோ, தினமும் காலையில் பார்த்து எழுதுகிறார், எத்தனையோ வருஷமாக, தலைமுறை தலைமுறையாக. எனக்கு அந்த வேலைமேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் பழைய கணக்கை மொத்தமாக ஒரு அட்டவணையாகக் கேட்டுப் பாருங்கள். தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது வெறும் படம். கூட்டிப் பார்க்க முடியாது, போன வருஷத்தோடு ஒப்பிட முடியாது, ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. தமிழ்க் கோப்பு என்றால் இன்னொரு தொல்லை. ரொம்ப காலம் அலுவலகங்களில் வானவில் மாதிரி எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரியும் புரியாது. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையை 2010-லேயே தமிழக அரசு ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளை யாராவது உட்கார்ந்து மாற்றினால்தானே உண்டு.

2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன பயணிகள், திருநெல்வேலி ஜங்ஷனில் வெள்ளம். அன்றைக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள், நம் தெருவுக்கு எப்போது வரும் என்றுதான் எல்லாரும் கேட்டோம், பதிலுக்கு வாட்ஸப்பில் வந்ததில் எது உண்மை, எது புரளி என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அணைத் திறப்பும் மழையளவும் மணிக்கு மணி, கணினி படிக்கிற வடிவில், தமிழில் வெளிவந்திருந்தால் பாளையங்கோட்டையில் படிக்கிற ஒரு மாணவியே ஒவ்வொரு ஊருக்கும் எச்சரிக்கை அனுப்புகிற செயலியை எழுதியிருப்பார். அந்தத் திறமை இங்கே இருக்கிறது, கணக்குதான் கைக்கு வரவில்லை.

இது சலுகையாகக் கேட்கிற விஷயம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது, தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-லேயே, தனக்கென ஒரு சட்டம் போட்டிருந்தது. 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆவணங்களை வகைப்படுத்திக் கணினியில் ஏற்ற வேண்டும், யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியில், முடிந்தவரை மின்னணு வடிவில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. சரி, அதைச் செய்ய ஆள் வேண்டாமா? அந்த ஆள் நீங்களாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும். தட்டச்சர் பதவிக்கு டைப்ரைட்டிங்கோடு கணினிச் சான்றிதழும் கேட்பார்கள். புள்ளியியல் படித்தவர்களுக்கென்றே பதவிகள் இருக்கின்றன, அது பலருக்குத் தெரிவதில்லை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் தேசிய தகவலியல் மையத்தின் பிரிவு இருக்கிறது, இந்தியாவில் எல்லா மாவட்டத்திலும் உண்டு, அதற்குப் பொறியியல் படித்தவர்களை எடுக்கிறார்கள். எந்தப் பதவியானாலும், கணக்கை ஒழுங்கான அட்டவணையாக, யூனிகோடு தமிழில், தேதி ஒரே மாதிரி இருக்கும்படி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. மேலதிகாரி ஆணை போடுகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை, இளநிலை உதவியாளரே இதைத் தொடங்கலாம். அப்படி ஒருவர் ஒழுங்காக வைத்த பதிவேட்டால் பிறகு வந்த எத்தனையோ பேருக்கு வேலை சுலபமாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு வராதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேளுங்கள், அதோடு எக்செல் கோப்பாகத் தாருங்கள் என்றும் எழுதுங்கள். கேட்ட வடிவில் கொடுப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம். வந்த கோப்பை உங்கள் ஊர் விவசாயிகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். வணக்கம்.